அம்பு தானாக நகர்ந்த ஆயுத பூசை

ஒன்றும் நடக்கவில்லை என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

ஏதாவது நடந்தால் தெரிந்துவிடும். பால் பொங்கினால் வாசனை வரும். பிள்ளை விழுந்தால் சத்தம் வரும். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் யாரும் வரவில்லை, எதையும் பார்க்கவில்லை, எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதற்கு எந்த வாசனை, எந்தச் சத்தம்? போன ஆயுத பூசையிலிருந்து இந்தக் கேள்வியோடுதான் அலைகிறேன். வீட்டில் எல்லோரும் அன்றைக்கு நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும்தான் சிரிக்கிறேன். சிரித்து முடித்ததும் கேள்வி திரும்ப வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

நாங்கள் காரைக்குடியில் தச்சு வேலைக்காரக் குடும்பம். மாமனார் உளியால் செதுக்கினார். கணவர் கம்ப்யூட்டரில் வரைகிறார். வரைந்த ஃபைலைப் பட்டறையில் இருக்கிற செதுக்கும் மெஷினுக்குக் கொடுத்தால், அது பூவையும் கொடியையும் தேக்கில் இறக்கிவிடும். கடைசி மெருகு மட்டும் கையால். ஆக, எங்கள் தொழிலின் உயிர் கூடத்து மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. மகளின் பிறந்தநாள் படங்களும், அவள் ஆதார் நகலும், காதுகுத்து வீடியோவும் அதே கம்ப்யூட்டருக்குள்தான்.

அந்த ஆயுத பூசைக்கு முந்தின வருடம் ஒரு கதவு களவு போனது. மரக்கதவு இல்லை, வரைந்த கதவு. எங்கள் பட்டறையில் மரம் அறுக்கும் முன்பே, அதே கதவு வேறொரு ஊரில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் ஏறிவிட்டது. கொடி வளைகிற இடம்கூட அச்சு அசல். மெயிலில் போனதா, பென் டிரைவில் போனதா, யாராவது திரையைப் போட்டோ எடுத்தார்களா, இன்றுவரை தெரியாது. கணவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டில் விரலால் அந்தக் கொடியை வரைந்துகொண்டே இருந்தார். சோறு அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரின் பாதுகாப்பு என் பொறுப்பு. யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். எம்.காம். படித்தவள், இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். மறந்துவிடுமோ என்று பயந்து ஒரு துண்டுத் தாளில் எழுதினேன். எழுதியதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அதை அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். வீட்டில் எல்லோரும் கையை விடுகிற ஒரே டப்பா அதுதான் என்பது இரண்டாம் நாள் மாமனார் தாளோடு வந்து, "ஏத்தா, அரிசியில ஏதோ மந்திரம் எழுதிப் போட்டிருக்காக" என்றபோதுதான் உறைத்தது.

அடுத்தது கேமரா. திரைக்கு மேலே கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தச் சின்னக் கண் வழியாக யாராவது வீட்டைப் பார்க்கலாம் என்று எங்கோ படித்தேன். கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டில் பெரியதாக ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டேன். மெரூன் நிறம். கச்சிதமாக மூடியது. மாமனாருக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மருமக தொழில் சாமானுக்குப் பொட்டு வச்சுத்தான் தொடும்" என்பார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் கேமராவை விளக்க வேண்டும், பிறகு இன்டர்நெட்டை விளக்க வேண்டும்.

இந்த ஏற்பாடுகளுக்கு நடுவில்தான் கிளிக்கதவு வந்தது.

அரியக்குடிப் பக்கம் ஒரு புது வீட்டுக்கான தலைவாசல் கதவு. மேல் சட்டத்தில் வரிசையாகக் கிளிகள். கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு வரைந்துகொண்டிருந்தார். மூன்றரை வயது மகாராணி திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாக் கிளியும் அங்குட்டே பாக்குது. ஒண்ணாச்சும் என்னையப் பாக்கச் சொல்லுங்கப்பா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே நடுவில் ஒரு கிளியின் கழுத்தைத் திருப்பிவிட்டார். மற்ற கிளிகள் எல்லாம் ஒழுங்காக ஒரு பக்கம் பார்க்க, அது மட்டும் வாசலுக்கு வருகிறவரைத் திரும்பிப் பார்க்கிறது. வீட்டுக்காரர்களுக்கு அந்தக் கிளிதான் ரொம்பப் பிடித்துப்போனது. பூசை முடிந்ததும் மரத்தில் இறக்குவதாக முடிவானது. அதுவரை அந்தக் கிளிகள் கம்ப்யூட்டருக்குள் என் காவலில். இந்தக் கதவும் போனால் அவர் மறுபடி உட்கார்ந்து வரைவாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

காவல்காரியே கதவைத் திறந்துவிட்டதுதான் கதை.

விஜயதசமி அன்று மகளைப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தோம். அதற்கு முன்பே பிறப்புச் சான்று, ஆதார், போட்டோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் ஆக்கி, அளவைச் சுருக்கி, பள்ளியின் இணையதளத்தில் ஏற்றச் சொன்னார்கள். நான் செய்த பிடிஎஃப் யானைக்குட்டி மாதிரி இருந்தது. தளம் வாங்க மறுத்தது. சுருக்குவதற்கு இலவசமாக ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. நான் அவசரக்காரி இல்லை. அதன் ஒப்பந்தம் முழுவதையும் படித்தேன். ஆங்கிலத்தில், நீளமாக, மூச்சுவிடாத வாக்கியங்கள். அடுப்பில் சாம்பார் சுண்டிப்போகும்வரை படித்தேன். படித்து முடித்தபோது, ஒப்புக்கொள்ளாவிட்டால் உள்ளே போக முடியாது என்பது ஒன்றுதான் புரிந்தது. ஒப்புக்கொண்டேன்.

உடனே இன்னொரு பெட்டி எழும்பியது. இந்தச் சாஃப்ட்வேர் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்யலாமா? கீழே, வெளியிட்டவர்: தெரியாது.

வாசலில் ஒருவர் வந்து நின்று, "நான் யாருன்னு தெரியாது, ஆனா உங்க வீட்டுக்குள்ள சாமானை மாத்தி வைக்கலாமா?" என்று கேட்டால் செருப்பை எடுத்திருப்பேன். இவரிடம் "ஆம்" என்று அழுத்தினேன். பிடிஎஃப் பூனைக்குட்டி ஆனது. பள்ளித் தளம் வாங்கிக்கொண்டது. மறுநாள்தான் ஆயுத பூசை.

எங்கள் வீட்டு ஆயுத பூசை சும்மா இல்லை. மாமனார் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பிவிட்டால் வீட்டில் அசையாமல் நிற்கிற எதுவும் தப்பாது. மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர், இன்வெர்ட்டர், சுவிட்ச் போர்டு, சுவரில் தொங்கும் வைஃபை பெட்டி, எல்லாவற்றிற்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கூடத்து மேசைக்கு முன்னால் மணைபோட்டு உளிகள், இழைப்புளி, கொட்டாப்புளி, முழக்கோல். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சாமான்களுக்கும் அன்றைக்கு இடம் உண்டு. தேய்ந்த உளியும் பிடி கழன்ற ரம்பமும் வந்து உட்காரும். அந்த வழக்கப்படி, கம்ப்யூட்டரோடு முதலில் வாங்கி, உருளை நின்றுபோன, ஒயர் வைத்த பழைய மௌஸும் மணையில் ஏறியது. அதன் பக்கத்தில் இப்போது புழங்குகிற ஒயர் இல்லாத மௌஸ். இரண்டிற்கும் பொட்டு. எல்லாவற்றின்மேலும் கதம்பச் சரம்.

பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. இதில் மாமனாரிடம் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

நாத்தனாரும் வந்திருந்தாள். கணவரின் தங்கை. புதுவயலில் ஒரு அரிசி மில் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். "சாமி கும்பிடுறப்ப கம்ப்யூட்டர் தூங்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும் மதினி?" என்று திரை முழுக்கப் பின்னணியாக சரஸ்வதி படம் போட்டு, அணையாதபடி செய்துவைத்தாள். மாமனார் தன் பங்குக்கு, "நல்ல நாளும் அதுவுமா ஸ்டிக்கரா?" என்று என் மெரூன் பொட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, கேமராவுக்குக் கொஞ்சம் மேலே அசல் சந்தனம் குங்குமம் வைத்தார். கண் திறந்துவிட்டது. நல்ல நேரத்தில் வாதம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

பூசை ஆனது. கணவர் பட்டறையில் மெஷினுக்குப் பூசை போடக் கிளம்பிப் போனார். வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். மாமனார், நாத்தனார், நான் மூவரும் கூடத்தில் உட்கார்ந்து பொரியும் சுண்டலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் உள்ளறையில் சத்தமே இல்லாமல் விளையாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கிருந்த ஒரே நிம்மதி அதுதான்.

அப்போதுதான் சரஸ்வதியின் வீணைமேல் அம்பு நகர்ந்தது.

முதலில் கண் கூசுகிறது என்று நினைத்தேன். இல்லை. வெள்ளை அம்பு இடமிருந்து வலம் போனது. வலமிருந்து இடம் வந்தது. மறுபடி போனது, வந்தது. அவசரம் இல்லாமல், ஒரு இடம் விடாமல், சாவதானமாக. மணையைப் பார்த்தேன். கதம்பத்துக்கு அடியில் மௌஸ் படுத்திருக்கிறது, பொட்டு கலையவில்லை. யாரும் அதன் பக்கத்தில் இல்லை. அம்பு மட்டும் மேய்கிறது.

கையிலிருந்த சுண்டல் கிண்ணம் சாய்ந்தது.

"மாமா! கம்ப்யூட்டருக்குள்ள ஆளு வந்திருக்காக!"

நாத்தனார் பொரியை மென்றுகொண்டே திரும்பினாள். "திருடனுக்கு என்ன மதினி இம்புட்டு மரியாதை?" என்று ஆரம்பித்தவள், திரையைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "ஆத்தீ, ஆமா!"

வெளியிட்டவர் தெரியாது. அவர்தான். நேற்று நான் "ஆம்" என்று சொல்லி உள்ளே விட்டேன், இன்று வந்து சுற்றிப் பார்க்கிறார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பிடிஎஃப், யானைக்குட்டி, ஒப்பந்தம், எல்லாம்.

மாமனார் பாதியில் கை காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் இருக்கட்டும். பூசையில வச்ச சாமானை யாரும் தொடக்கூடாது."

"தொட்டுக்கிட்டுத்தான் மாமா இருக்காக!"

அவர் திரையைப் பார்த்தார். அம்பு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. அவர் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். "இவன் வீட்டுல ஆயுத பூசை இல்லையா?"

"வெளிநாடா இருக்கும்ப்பா," என்றாள் நாத்தனார்.

அந்த நேரம் பார்த்து அம்பு நின்றது. நின்ற இடம், "கதவு" என்று பெயர் போட்ட ஃபோல்டர். பட்டென்று அது திறந்தது. உள்ளே கிளிகள். ஒரு நீலக் கட்டம் விரிந்து அவற்றின்மேல் படர்ந்தது. சந்தையில் தக்காளி பொறுக்குகிறவர் கூடையை நகர்த்துவதுபோல.

நான் கத்திவிட்டேன். மேசையை நோக்கிப் போன என் கையை மாமனாரின் குரல் பாதியில் நிறுத்தியது. தொட்டால் தொழிலுக்கு ஆகாது. தொடாவிட்டால் தொழிலே போய்விடும். கை அந்தரத்திலேயே நின்றது.

"மதினி, கேமரா!" என்றாள் நாத்தனார் திடீரென்று.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் பாய்ந்தோம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நானும் அவளும். மாமனார் தூணுக்குப் பின்னால். அவர் உடம்புக்குத் தூண் போதவில்லை, இரண்டு பக்கமும் வேட்டி தெரிந்தது.

"நான் தலைகூட சீவலை மதினி. முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"அவன் நம்ம தலையவா பாக்குறான்? கதவைப் பாக்குறான்!"

"இப்பத்தான் அவன், இவன்னு வாரீக. அப்பச் சரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதில் சிரிப்பு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பயம் கழுத்துவரை ஏறியதும் அதற்கு மேலே போக வழியில்லாமல் சிரிப்பாகப் பொங்கியது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பீரோ இடுக்கில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். பீரோவும் சேர்ந்து குலுங்கியது.

குலுக்கத்தோடே கணவருக்கு போன் போட்டேன். அங்கே பட்டறையில் மணியோசை.

"ஏங்க, கதவு போகுதுங்க!"

"எந்தக் கதவு? கழண்டுருச்சா?"

"கிளி! கிளி போகுது!"

"பறந்தா போகுது? இரு, தேங்கா உடைக்கிறாக."

ஒரு தேங்காய் உடையும் சத்தம். பிறகு போன் அணைந்தது.

நான் படித்ததில் ஒன்று நினைவுக்கு வந்தது. சந்தேகம் வந்தால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். வைஃபை பெட்டியை அணைத்தால் போதும், கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதில்லை. நாத்தனார் தவழ்ந்துபோய்ப் பார்த்தாள். "அதுலயும் பொட்டு இருக்கு மதினி." சுவிட்ச்? "அதுலயும்." இன்வெர்ட்டர்? "இருக்கு." மெயின்? "அப்பா ஏணி போட்டு வச்சிருக்காக."

சந்தனம் படாத ஒரு சுவிட்சும் எங்கள் வீட்டில் இல்லை.

"மாமா," என்றேன், தூணைப் பார்த்து. குரல் இப்போது உண்மையாகவே உடைந்தது. "போன தடவை அவுக சாப்பிடாம இருந்தாகல்ல. மறுபடி அப்படி ஆயிருமோன்னு பயமா இருக்கு. நான்தான் மாமா திறந்துவிட்டேன்."

தூணின் இரண்டு பக்கமும் தெரிந்த வேட்டி அசைந்தது. பிறகு மாமனார் வெளியே வந்தார். கேமராவைப் பற்றிக் கவலைப்படாமல் நேராக மணைக்குப் போனார். தட்டிலிருந்த படையல் வாழைச்சீப்பில் ஒரு பழத்தைப் பிய்த்தார்.

"கைதானே படக்கூடாது. சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன்."

பழத்தைப் பேனாபோலப் பிடித்து, நுனியால் வைஃபை சுவிட்சைத் தட்டினார். பழம் மடங்கியது. காம்புப் பக்கம் திருப்பி மறுபடி தட்டினார். டக். பெட்டியில் மினுங்கிக்கொண்டிருந்த பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. நாத்தனார் கைதட்டினாள். மாமனார் வெற்றியோடு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அம்பு நகர்ந்துகொண்டே இருந்தது.

இடம், வலம். இடம், வலம்.

"நெட்டே இல்லாம எப்படி மதினி வாரான்?" நாத்தனாரின் குரலில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

உள்ளேயே குடியேறிவிட்டார், இனி அவருக்கு வழியே தேவையில்லை என்று தோன்றியது. மாமனார் வாயில் பழத்தோடு அப்படியே நின்றார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்பு மெல்ல வேகம் குறைந்தது. ஒரு ஓரத்தில் போய் நின்றது. களைத்துவிட்டதுபோல.

உள்ளறைக் கதவு திறந்தது. மகள் வந்தாள். ஒரு கையில் அவளுடைய பட்டுப்பாவாடை தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

"அம்மா, சுருக்கம் போகவே மாட்டேங்குது. இந்தப் பெட்டி சூடாகல."

இன்னொரு கையில் ஒயர் இல்லாத மௌஸ். நெற்றியில் பொட்டோடு. அவள் அதைத் திருப்பிக் காட்டினாள். அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. "நெருப்பு இருக்கு. ஆனா சுடல."

தெருமுனையில் வண்டி வைத்து இஸ்திரி போடுகிறவரை அவள் தினமும் நின்று பார்ப்பாள். கரிப்பெட்டிக்குள் தெரியும் சிவப்பு அவளுக்கு அதிசயம். நாளைக்குப் பள்ளிக்கூடம், நாளைக்கு அந்தப் பாவாடைதான். மணையிலிருந்து எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. அங்கே ஒரு மௌஸ் மாலையோடு படுத்திருந்ததால், இன்னொன்று இல்லாதது யார் கண்ணிலும் படவில்லை. நான் வெறித்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஓய்வு பெற்ற மௌஸை.

நாத்தனார் தரையில் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே முடியவில்லை. "சர்வதேசத் திருடன்... இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்திருக்கான்..." என்று மூச்சுத் திணறினாள். மாமனாருக்குப் பழம் புரையேறி, நான் முதுகில் தட்ட, அவர் சிரிக்க, நான் அழ, மகள் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தேச்சா போயிரும்ல?" என்று கவலையாகக் கேட்டாள்.

"பூசையில வச்சதைத் தொட்டுட்டாளே," என்றேன் மாமனாரிடம்.

"வேலை செய்யத்தானே எடுத்தா," என்றார் அவர். அத்தனை கறாரானவர். பேத்தி என்றால் சட்டமே வேறு.

கணவர் ஸ்கூட்டரைத் தாறுமாறாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலிலேயே நாத்தனார் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். தூண், வேட்டி, பீரோ, வாழைப்பழம், ஒன்றும் விடவில்லை. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைசியில் என்னைப் பார்த்து, சாதாரணமாக, ஒன்று கேட்டார்.

"மௌஸ் பாப்பா கையில இருந்துச்சு, சரி. அந்த சாஃப்ட்வேர்?"

கூடத்தில் சிரிப்பு தொடர்ந்தது. எனக்குள் மட்டும் நின்றுவிட்டது.

மறுநாள் மறுபூசை முடிந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். "கதவு" ஃபோல்டர் காலி. உயிர் போய்த் திரும்பியது. கிளிகள் எல்லாம் மகளின் பள்ளிக்கூட ஃபோல்டருக்குள் இருந்தன, அவள் ஆதாருக்கும் போட்டோவுக்கும் நடுவில். இழுத்து இஸ்திரி போட்டதில் அங்கே போய் விழுந்திருக்கின்றன. கணவர் அவற்றை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார்.

பிறகு அந்த சாஃப்ட்வேரை நீக்கினேன். நீக்கும்போது ஒரு அழும் முகம் வந்து, ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டது. சொல்லாமல் போவது மரியாதையாக இருக்காது என்று, "வெளியிட்டவர் யார் என்று தெரியவில்லை, அதனால்தான், தவறாக நினைக்க வேண்டாம்" என்று எழுதினேன். நாத்தனார் இதையும் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். கடைசியில், முழுவதுமாக நீங்கிவிட்டேன் என்று ஒரு பெட்டி வந்தது. அதைச் சொன்னதும் அந்த சாஃப்ட்வேரேதான். நான் போய்விட்டேன் என்று வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் குரல் கொடுத்தால் எப்படி நம்புவது?

சுருக்கம் போகாத பாவாடையோடு மகள் பள்ளியில் சேர்ந்தாள். கிளிக்கதவு அரியக்குடியில் ஏறிவிட்டது. ஒற்றைக் கிளி திரும்பிப் பார்க்கிறது. கணவர் நன்றாகச் சாப்பிடுகிறார். வைரஸ் தேடுகிற இன்னொரு சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றது. அதன் ஒப்பந்தத்தையும் முழுவதும் படித்தேன். அதுவும் மூச்சுவிடாத வாக்கியங்கள்தான்.

என் சங்கடம் இதுதான். அன்றைக்கு நாங்கள் பயந்தது நகர்கிற அம்பைப் பார்த்து. உண்மையாகவே எடுக்க வந்தவர் எதற்காக அம்பை நகர்த்தப்போகிறார்? சரஸ்வதி படம் அசையாமல் இருக்கும், நாங்கள் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருப்போம், கிளிகள் போய்க்கொண்டிருக்கும். அந்த சாஃப்ட்வேர் இருந்த அந்த இரண்டு ராத்திரியும் நடுவில் ஒரு பகலும் எங்கள் திரை அப்படித்தான் இருந்தது, மகள் இஸ்திரி போட்ட நேரத்தைத் தவிர. அதனால் இப்போதெல்லாம் குன்றக்குடிக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும், புதிதாக ஏறிய எந்தக் கதவைப் பார்த்தாலும் மேல் சட்டத்தை அண்ணாந்து பார்க்கிறேன். எங்கேயாவது ஒரு கிளி என்னைத் திரும்பிப் பார்க்கிறதா என்று. இதுவரை பார்க்கவில்லை. போன வாரம் ஒரு வீட்டுக்காரம்மா, "என்ன தேடுறீக?" என்று கேட்க, "கிளி" என்றேன். வளர்த்த கிளியைத் தொலைத்துவிட்டேன் என்று பாவப்பட்டு அவர் மோர் கொடுத்தார்.

படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கிறேன். சாஃப்ட்வேரை நீக்கினால் அது போய்விடுமா, போனதுபோல இருக்குமா? அது இருந்த நேரத்தில் என்ன பார்த்தது என்று இப்போது கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? கிளிகளை வெளியே எடுத்துவிட்டோம், மகளின் ஆதாரையும் படங்களையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? கம்ப்யூட்டரையே சுத்தமாக அழித்துப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்றால், அதையும் சொல்லுங்கள், செய்கிறேன். இலவசமாக ஒரு சாஃப்ட்வேரை இறக்கிப் போட்டுப் பார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பதிலைக் கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. அடுத்த ஆயுத பூசை வருவதற்குள், கேமராவின்மேல் ஒட்டுவது ஸ்டிக்கர் பொட்டா, சந்தனமா என்பதையும் மாமனாரிடம் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது.